பதினான்கு வீட்டுக் காபித்தூள்

கறுக்க வறுத்த காபிக்கொட்டையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். பளபளப்பெல்லாம் பார்வைக்குத்தான். கையில் எடுத்தால் விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வாயில் போட்டுக் கடித்தால் அடுப்புச் சாம்பலில் விழுந்த கடலையைக் கடித்தது போல இருக்கும். இதைத்தான் இப்போது கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, கண்ணை மூடி உறிஞ்சிவிட்டு 'ஆகா' என்கிறார்கள். சொல்கிறவர்களைத் திருத்த முடியாது. முப்பது வருடமாகக் காபிக்கொட்டை வறுக்கிறவன் நான். என் வாய்க்கு அது கரி, அவ்வளவுதான்.

மைசூரில் விஜயநகர் தாண்டிப் போகிற சாலை முனையில் என் கடை. வறுப்பதும் அரைப்பதும் விற்பதும் ஒரே அறையில். முன்னால் கண்ணாடிப் பெட்டி, நடுவில் அரைக்கும் மெஷின், பின்னால் வறுக்கும் டிரம். சொந்த ஊரான மார்டள்ளியில் எங்கள் குடும்பத்துக்குக் காபியோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மக்காச்சோளமும் ஆடும்தான். நான் பிழைப்புக்கு மைசூர் வந்து, ஒரு காபித்தூள் கடையில் மூட்டை தூக்கி, வறுக்கிறவர் பக்கத்தில் நின்று நின்று வேலையைப் பிடித்துக்கொண்டு, பிறகு சொந்தமாகக் கடை போட்டேன். முதல் என்று என்னிடம் இருந்தது என் மூக்கு ஒன்றுதான்.

இது பெருமைக்குச் சொல்வதில்லை. டிரம்முக்குள் பச்சைக் கொட்டை சுற்ற ஆரம்பித்ததும் முதலில் ஈர வைக்கோல் வாடை வரும். அப்புறம் ரொட்டி சுடுகிற வாடை. பிறகு கொட்டை படபடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கும்போது ஒரு இனிப்பு வாசனை எழும்பும். அது லேசாகக் காரத்துக்குத் திரும்பும் கணத்தில் கதவைத் திறந்து கொட்டையை வெளியே தள்ளிவிட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் போச்சு. மழைக்காலத்துக் கொட்டைக்கு ஒரு நேரம், வெயில்காலத்துக் கொட்டைக்கு ஒரு நேரம், அதனால் கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை. மெஷினைக் கழற்றித் துடைக்க வேண்டுமா, மூட்டையில் பூஞ்சை பிடித்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மூக்குதான் தீர்ப்பு.

கடைக்கு வந்து கால் கிலோ, அரைக் கிலோ வாங்குகிறவர்கள் வருவார்கள், போவார்கள். வீட்டு டப்பா வைத்திருப்பவர்கள் வேறு ரகம். எனக்கு அப்படிப் பதினான்கு வீடுகள் இருந்தன. எல்லாரும் பென்ஷன்காரர்கள், மாதச் சம்பளக்காரர்கள். வீட்டுக்கு இரண்டு எவர்சில்வர் டப்பா. ஒன்று அவர்கள் சமையலறையில், மற்றது என் கடை அலமாரியில். எந்த வீட்டுக்குச் சிக்கரி எவ்வளவு, எந்த வீட்டுக்கு நைஸ், எந்த வீட்டுக்குக் கொரகொரப்பு என்று டப்பாவின் அடியில் பெயின்ட்டால் குறி போட்டிருப்பேன். சனிக்கிழமை காலையில் நான் நிரப்பி வைத்தால் என் மனைவி ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காலி டப்பாக்களை வாங்கி வருவாள். கண்ணாடிப் பெட்டி வியாபாரம் எப்படிப் போனாலும் நான் கவலைப்பட்டதில்லை. அந்தப் பதினான்கு டப்பாவும் அலமாரியில் இருக்கிறவரை நான் காபிக்காரன். அதில் ஒன்று திரும்பிப் போனாலும் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு தசராவுக்கு முந்தின வாரம் காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வந்து ஓய்ந்த பிறகு, கடைசியாகப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி எனக்கு வந்தது. என் மனைவிக்கும் வந்தது. அவள் மூன்றே நாளில் எழுந்து துணி துவைத்தாள். நான் இரண்டு வாரம் கிடந்தேன். எழுந்து உட்கார்ந்தபோது மூக்கு செத்திருந்தது. டிரம்முக்குள் தலையை விட்டாலும் ஒன்றும் இல்லை. வெந்நீரும் ரசமும் ஒன்றாகவே இருந்தன.

அதுகூடப் பரவாயில்லை. இரண்டு மாதம் கழித்து மூக்கு திரும்பி வந்ததே, அது கோணலாக வந்தது. வெங்காயம் வதக்கினால் எரிந்த ரப்பர் நாற்றம். முட்டையைச் சொல்லவே வேண்டாம், சாக்கடையேதான். பற்பசை அழுகிப்போன பழம் மாதிரி. என் மனைவி தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பக்கத்தில் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். அவள் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே போவேன். எல்லாவற்றிலும் மோசம் காபி. மூக்கு கோணலான பிறகு முதல் முறை கடையைத் திறந்து உள்ளே காலடி வைத்ததும் வாசலிலேயே வாந்தி எடுத்தேன். என் சொந்தக் கடை!

டாக்டர் சிரித்த முகத்தோடு சொன்னார். இப்படிப் பலருக்கு ஆகிறது, ஒவ்வொரு வாசனையாகத்தான் சரியாகும், காபி கடைசியில் சரியாகலாம், பொறுமையாக இருங்கள் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நான் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, மூக்கில் தைலம் தடவிக்கொண்டு வறுத்தேன். காது இருந்தது, கண் இருந்தது. வெடிப்புச் சத்தத்தை எண்ணி, நிறத்தைப் பார்த்து இறக்கினேன். குடித்துப் பார்ப்பது மட்டும் முடியாத காரியம். டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் கீழே வைத்துவிடுவேன்.

வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு போன காபிக்காரனிடம் யார் டப்பா கொடுப்பார்கள்?

பொங்கல் முடிந்து அந்தப் பெண் வந்தாள். இரண்டு தெரு தள்ளிப் புதிதாகக் கஃபே திறந்திருந்தாள். அப்பா அம்மா தமிழ்தான். அவளுக்குக் கன்னடம்தான் நாக்கில் புரளும், நடுவில் தமிழ் தலைகாட்டும். நான் வறுத்த கொட்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அங்கிள், இது ரொம்ப லைட்டு. நமக்கு டார்க் ரோஸ்ட் பேக்கு, அதான் வேணும். இன்னும் கறுப்பா. எண்ணெய் வெளிய வரணும்."

"எண்ணெய் வெளிய வந்தா அது கொட்டை இல்லம்மா, கரி."

"கஸ்டமர் அதத்தான் கேக்கறாங்க அங்கிள்."

மூக்கு நன்றாக இருந்திருந்தால் அவளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த நேரத்தில் எனக்கு எல்லாக் கொட்டையும் ஒரே நாற்றம். கரியில் என்ன, கருகாததில் என்ன என்கிற சலிப்பு. சரி என்று தலையாட்டினேன். முதல் வெடிப்பு முடிந்து, புகை சூழ்ந்து, இரண்டாவது வெடிப்பும் கேட்ட பிறகு இறக்கினேன். வெளியே விழுந்த கொட்டை வண்டு மாதிரி கறுத்து மினுங்கியது. அதையும் அதே மெஷினில் போட்டு அரைத்துக் கொடுத்தேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அந்தத் தூளை அவள் என்னென்ன செய்தாள் என்று கேட்டால் எனக்கு இன்றும் ஆறாது. குடிக்கக் கொடுத்தாள், போகட்டும். கேக்கில் டிகாக்ஷன் ஊற்றினாள். ஐஸ்கிரீமின் மேல் பாகாகக் காய்ச்சி ஊற்றினாள். பன்னீர்த் துண்டுகளில் தூவினாள். ஒருநாள் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, "அங்கிள், உங்க காபி போட்டு மட்டன், டேஸ்ட் பண்ணுங்க" என்று நீட்டினாள். கறியில் காபித்தூளைப் புரட்டி ஊறவைத்து வறுத்திருந்தாள். எங்கள் பக்கம் நோம்பி பண்டிகைக்குக் கறி எடுத்தால் மல்லி, மிளகாய், தேங்காய், சின்ன வெங்காயம், அதற்கு மேல் அதற்கு எதுவும் வேண்டாம். அறுபட்ட பிறகும் ஆட்டுக்கு இந்தக் கதியா என்று நினைத்தேன். மரியாதைக்கு ஒரு துண்டை வாயில் வைத்தேன். எரிந்த ரப்பரில் கொழுப்பைத் தடவிய மாதிரி இருந்தது. அவள் தலை மறைந்ததும் துப்பிவிட்டு, வாயைக் கழுவி, வீதியில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன்.

மற்ற வாசனைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. யுகாதி சமயத்தில் வெங்காயம் வெங்காயமாக மணத்தது. அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். பிறகு பற்பசை, பிறகு தேங்காயெண்ணெய். முட்டைகூட மன்னித்துவிட்டது. காபி மட்டும் மசியவில்லை. கடையைத் திறந்தால் அதே நாற்றம். இல்லை, அதே என்று சொல்ல முடியாது. ரப்பர் போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பலகாரம் சுட்ட எண்ணெயை மாதக்கணக்கில் மூடாமல் வைத்தால் காறிப்போய் ஒரு வாடை வருமே, அது வந்தது. சட்டையில், தலைமுடியில், ரூபாய் நோட்டில் எல்லாம் அது. டாக்டர்தான் சொல்லியிருக்கிறாரே, காபி கடைசியில்தான் சரியாகும் என்று. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

என் மனைவி ஒருநாள் மெஷின் பக்கத்தில் நின்று மோந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல இருந்து காறல் வாடை அடிக்குதுங்க. ஒருக்கா கழட்டிப் பாக்கலாமுங்களா?"

எங்கள் கடையில் மெஷினை முழுதாகக் கழற்றுவது வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குத்தான். மற்ற நாளில் சாயந்தரம் ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு ஓட்டினால் உள்ளே ஒட்டிய தூளை அரிசி வாரிக்கொண்டு வந்துவிடும். என் கொட்டை காய்ந்த கொட்டை, அதற்கு அது போதும். இருபத்தைந்து வருடமாக அப்படித்தான். போன பூஜைக்கு நான் படுக்கையில் கிடந்ததால், கழற்றாமலே சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டாள். அதெல்லாம் எனக்குத் தெரியாததா? இருந்தும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டியதை இவள் மோந்து பார்த்துச் சொல்கிறாளே என்கிற ஆத்திரம்.

"உனக்குந்தான காச்சல் வந்துச்சு? உன்ற மூக்கும் கெட்டுப்போச்சு, தெரிஞ்சுக்க. என்ற தொழில்ல வந்து மூக்க நுழைக்காத."

வாடிக்கையாளர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில்தான் கத்தினேன். அவள் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே சொன்னேன். அதற்குப் பிறகு காபி குடிப்பதை நிறுத்திவிட்டு, காலையில் ராகிக் கஞ்சி குடிக்க ஆரம்பித்தாள். பார்த்தாயா, இவளுக்கும் காபி நாறுகிறது, மூக்குதான் கெட்டிருக்கிறது என்று எனக்கு நானே சாட்சி சொல்லிக்கொண்டேன்.

சாட்சிக்கு வேறு ஆளும் இருந்தார்கள். பதினான்கு வீட்டில் ஒரு வீடுகூடக் குறை சொல்லவில்லை. அதில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருந்தார். நாக்கு நீளம். சிக்கரி ஒரு சிட்டிகை கூடினாலும் போன் பண்ணிப் பாடம் எடுப்பார். நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போட்டேன்.

"காபி எப்படிங்க சார் இருக்குது?"

"ஒண்ணும் குறையில்லப்பா. சென்னாகிதே."

அவரே நன்றாக இருக்கிறது என்கிறார். கஃபேக்காரி வாரத்துக்கு வாரம் அதிகம் கேட்கிறாள். சனிக்கிழமை தோறும் பதினான்கு டப்பாவும் ஒழுங்காகப் போய் ஒழுங்காக வருகின்றன. ஊரே நன்றாக இருக்கிறது என்னும்போது நாறுகிறது என்று சொல்லும் மூக்கை நான் எப்படி நம்புவது? பொய் சொல்லும் மூக்கைச் சுமந்துகொண்டு திரிகிறேனே என்று என்னையே வெறுத்தேன். நாற்றத்தை விழுங்கிக்கொண்டு வறுத்தேன், அரைத்தேன், பதினான்கு டப்பாவையும் என் கையாலேயே நிரப்பி அனுப்பினேன்.

அடுத்த தசராவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மெஷினின் பெல்ட் தேய்ந்து வழுக்க ஆரம்பித்தது. சனிக்கிழமை காலை டப்பாக்களை நிரப்பி மனைவியிடம் கொடுத்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு பெல்ட் வாங்க அக்ரஹாரம் பக்கம் பஸ்ஸில் போனேன். இறங்கி நாலு எட்டு வைத்திருப்பேன், கால் நின்றுவிட்டது.

காபி வாசனை. நல்ல காபி வாசனை. வெடிப்பு அடங்கி, இனிப்பு எழும்பி, காரத்துக்குத் திரும்பும் அந்தக் கணத்து வாசனை. எவனோ சரியான நேரத்தில் கதவைத் திறந்திருக்கிறான். கிட்டத்தட்ட ஒரு வருடமாக நான் மறந்தே போயிருந்த வாசனை அது. நடுவீதியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் பூ விற்கிற அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் இழுத்து இழுத்து மோந்தேன். சரியாகிவிட்டது, என் மூக்கு சரியாகிவிட்டது!

கண்ணைத் துடைக்கச் சட்டைக் காலரை இழுத்தேன். காறிப்போன எண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது.

ஒரே மூக்கு. ஒரே நேரம். வீதியில் வாசனை, சட்டையில் நாற்றம். இரண்டு முறை, மூன்று முறை மாற்றி மாற்றி மோந்து பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. என் மூக்கு இன்றைக்குச் சரியாகவில்லை. எப்போதோ சரியாகிவிட்டது. வெங்காயம் மணத்த போதே காபியும் மணத்திருக்கும். இத்தனை மாதமாக நாறியது மூக்கு இல்லை, என் கடை. அந்த நாற்றத்தைத்தான் நான் அள்ளி அள்ளிப் பதினான்கு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

வாசனை வந்த இடத்துக்கு நடந்தேன். என் கடையைவிடச் சின்னக் கடை. வயதானவர் ஒருவர் அரைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் மனைவி நின்றிருந்தாள். பலகையில் எவர்சில்வர் டப்பாக்கள் வரிசையாக, திறந்து கிடந்தன. காலி டப்பாக்கள். அவர் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார். அடியில் என் கையால் போட்ட பெயின்ட் குறி.

அவள் ஒவ்வொரு டப்பாவாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இதுக்குச் சிக்கரி வேண்டாங்க. இதுக்குக் கொஞ்சம் கொரகொரப்பா. இந்த ஊட்டுக்காரரு வாத்தியாருங்க, பீபெர்ரிக் கொட்டை பாதி போடுங்க, சிக்கரி ஒரு சிட்டிகை கூடினாலும் கண்டுபிடிச்சிருவாரு."

அந்தப் பெரியவர் சிரித்தார். "ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பக்குவம் சொல்றீங்க. நீங்களே ஒரு கடை வெக்கலாமேம்மா."

"கடை இருக்குதுங்க. எங்க ஊட்டுக்காரருக்கு மூக்கு சரியாகுற வரைக்குந்தான் இப்படி."

எனக்கு அங்கிருந்து ஓடிவிடத் தோன்றியது. அவள் பார்க்காமல் பஸ் ஏறிப்போய், ஒன்றும் தெரியாதவன் மாதிரி கடையில் உட்கார்ந்துவிடலாம். அவளும் அதைத்தான் விரும்புவாள். ஆனால் அவள் திரும்பிவிட்டாள். கையில் இருந்த டப்பா மூடி கீழே விழுந்து உருண்டது.

"நீங்க எங்கீங்க இங்க?"

"பெல்ட் வாங்க வந்தேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கண் சிவந்திருந்தது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"வாசம் தெரியுதுங்களா?"

"தெரியுது."

"எது?"

"ரெண்டும்."

டப்பாக்களை நிரப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று கேட்டேன். முதலில் வாத்தியார்தான் டப்பாவைத் திருப்பி நீட்டினாராம். இது வேண்டாம்மா, காறுகிறது என்றாராம். வேறு தூள் கொண்டுவருகிறேன் சார் என்று கெஞ்சி, அன்றைக்கே கடை கடையாக மோந்து பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்கிறாள். வீட்டுச் செலவில் பிடித்துத்தான் வாங்கினாளாம்.

"நான் அரைச்சுக் குடுத்த தூளெல்லாம்?"

"ஊட்டுக்குப் பின்னால தென்னைக்குப் போட்டனுங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல, புள்ள?"

"சொன்னனுங்களே."

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், அது எனக்குச் சுலபம். அவள் பையை மாட்டிக்கொண்டு வீடுகளுக்குப் போனாள். நான் பெல்ட் வாங்காமலே திரும்பினேன்.

மத்தியானம் அவள் வந்ததும் இருவருமாக மெஷினைக் கழற்றினோம். முகத்துணி கட்டவில்லை. மெஷினின் மேல் வாயைத் தூக்கியதுமே அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே சுவரெல்லாம் கறுப்பாகப் பிசின் மாதிரி அப்பியிருந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. அதற்குள் பழைய பச்சரிசி மணிகள் கறுத்து ஊறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. தினமும் சாயந்தரம் சுத்தம் செய்வதாக நினைத்து நான் போட்ட அரிசி. அரைக்கும் தட்டின் பல்லிடுக்கில் மஞ்சளாக ஒரு கெட்டி எண்ணெய், விரலில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் போகாதது. நடுவில் போன வருடத்துச் சந்தனம் வேறு வழிந்து உறைந்திருந்தது. நாற்றம் தாங்கவில்லை. கறுக்க வறுத்த கொட்டையின் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இந்த வெயிலில் காறி, மேலே விழுந்த எல்லாத் தூளிலும் கலந்து போயிருக்கிறது. சாக்கடை அள்ளுகிற மாதிரி நாங்கள் அதை அள்ளினோம். பின்பக்கம் போய் நான் வாந்தி எடுத்தேன். இந்த முறை மூக்கின் மேல் பழி போட வழியில்லை.

கஃபேக்காரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஆறு மாதமாகக் கெட்ட தூள் கொடுத்திருக்கிறேன், மன்னித்துக்கொள் என்றேன். அவள் கண்ணை அகல விரித்தாள்.

"நிஜவாகலூ? கஸ்டமருக்கு அந்த ஸ்ட்ராங் டேஸ்ட்டுதான் அங்கிள் இஷ்டமா இருந்துச்சு. அதே கொடுக்க முடியாதா?"

காறல் எண்ணெயை ஆறு மாதம் பாலிலும் சர்க்கரையிலும் ஐஸிலும் கறியிலும் போட்டுத் தின்றுவிட்டு, அதுதான் பிடித்தது என்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் வந்த அருவருப்புக்குச் சமமாக என் மேலும் வந்தது. அவர்கள் தெரியாமல் தின்றார்கள். நான் நாற்றம் தெரிந்தே விற்றேன். வேறு இடம் பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரிய வியாபாரம்தான், போகட்டும்.

அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் புதுக் கொட்டையை வறுத்தேன். மூக்கை நம்பி, கடிகாரம் பார்க்காமல், சரியான கணத்தில் கதவைத் திறந்தேன். ஒரு டம்ளர் கலந்து நானும் குடித்தேன், அவளும் குடித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். பதினான்கு டப்பாவையும் நிரப்பினேன். அன்றைக்கு அவளே கொண்டுபோனாள். அதற்கடுத்த சனிக்கிழமை நானும் கூடவே போனேன். ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள், நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

முதல் வீடு வாத்தியார் வீடு. கேட்டைத் திறந்துகொண்டு அவரே வந்தார். காலி டப்பாவைக் கொடுத்துவிட்டு, நான் நீட்டியதை வாங்காமல் தயங்கினார்.

"என்னப்பா, போன வாரம் தூளை மாத்திட்டீங்களா?"

"ஏனுங்க சார்?"

"தப்பா எடுத்துக்க வேண்டாம். இந்த ஆறு மாசம் ஒரு தூள் கொடுத்தீங்களே, அது ரொம்ப சென்னாகித்து. இத்தனை வருஷத்துல அப்படி ஒரு காபி குடிச்சதில்லை. அதையே கொடுங்களேன்."

என் மனைவி ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். கொட்டை மாறிவிட்டது, மழை, விளைச்சல் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் அதற்கு ஆயிரம் சாக்கு உண்டு. எனக்கு அதற்கு மேல் எதையும் மூடி வைக்கத் தெம்பில்லை.

"சார், அது என்ற தூளே இல்லைங்க. அக்ரஹாரத்துல ஒரு சின்னக் கடையில வாங்குனது. என்னுது கெட்டுப் போயிருந்துச்சு, எனக்குத் தெரியல. இவதான் சமாளிச்சா. இப்ப உங்களுக்குக் குடுக்கறதுதான் என்னுது, நல்லா இருக்கும்போது என்னுது இப்படித்தாங்க இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பாடம் எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. டப்பாவை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"அப்படியா... சரி, பரவாயில்லை. இதுக்கே பழகிக்கறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். கேட்டை ஓசை படாமல் சாத்திவிட்டு உள்ளே போனார். காலி டப்பாவைக் கையில் பிடித்தபடி நான் சாத்திய கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி வண்டியைத் திருப்பிக் கிளப்பினாள்.

"ஏறுங்க," என்றாள். "இன்னம் பதிமூணு வீடு இருக்குது."